நசீரின் மலையில் காப்பி கிடையாது

1

நசீர் போய் ஒரு வருடம் ஆகிறது. வருஷ பாத்திஹாவுக்கு நாள் குறித்துவிட்டதாக அவன் மனைவி ஷமீம் செய்தி அனுப்பியிருந்தார். கடைசியில் ஒரு வரி: ‘ஞாயித்துக்கெழம போன் பண்றனுங்கண்ணா, ஒண்ணு கேக்கோணும்.’

என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். மலை இருக்கிறதா என்று கேட்பார். பதிலும் எனக்குத் தெரியும். அதை அப்படியே சொல்வதா, மாற்றிச் சொல்வதா என்பதுதான் தெரியவில்லை.

அந்த மலை நம் சேர்வராயன் மலைதான். ஆனால் சேலத்தில் பஸ் ஏறி வருகிற மலை இல்லை. ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் நானும் நசீரும் செய்து வைத்த மலை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பிறகு படியுங்கள்.

நான் பழனி, ஏற்காட்டுப் பக்கத்து வாழவந்திக்காரன். அப்பாவுக்குக் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு. நான் டென்மார்க்கில் ஒரு துறைமுக ஊருக்கு வந்து பத்து வருடம் தாண்டிவிட்டது. மனைவி செல்வி, மகள் இனியா. வேலை, விளையாட்டு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில். சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு இல்லை. உலக வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு ராஜ்யத்தை எடுத்து, வரி போட்டு, படை திரட்டி, உடன்படிக்கை செய்து, நூறு இருநூறு வருடம் ஆள்கிற விளையாட்டு. ஒரு ஆட்டம் முடிய மாதக்கணக்கில் ஆகும். அதில் என் வேலைக்குப் பேலன்ஸ் என்று பெயர். வரலாற்றில் நடந்தது எவ்வளவு இருக்க வேண்டும், ஆடுகிறவன் எரிச்சலாகி எழுந்து போகாமல் இருக்க அதில் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று பார்க்கிறவன் நான். வெட்டுகிறவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2

நசீரின் அத்தாவுக்கு ஏற்காட்டில் கடை. காப்பிப்பொடி, மிளகு, தேன். ஏரி பார்க்க வருகிறவர்கள்தான் வாடிக்கை. கடைக்கு மேலே நசீர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். நான் வாழவந்தியிலிருந்து பஸ் பிடித்துப் போய் அங்கேயே கிடப்பேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு ராஜ்யம், ஒரே சண்டை.

அந்த ஆட்டம் வேறு எவனோ வெளிநாட்டில் செய்தது. அதன் வரைபடத்தில் எங்கள் மலை சாம்பல் நிறத்தில் கிடந்தது. சாம்பல் நிறம் என்றால் ஆள் இல்லாத இடம், படை போக முடியாத இடம். நசீருக்கு அது பொறுக்கவில்லை.

“ஆள் இல்லாத எடமாடா இது? அப்ப உங்கப்பன் யாரு, கரடியா?”

இந்த மாதிரி ஆட்டங்களில் ரசிகர்களே உள்ளே புகுந்து புது நாடு, புதுச் சட்டம் சேர்க்கலாம். சேர்த்தோம். மலையை ஒரு தனி நாடாக்கினோம். தலைநகரம் எங்கே வைப்பது என்று வந்தபோது நசீர் யோசிக்கவே இல்லை, சேர்வராயன் கோயிலில் வைத்தான். அந்தக் காலத்தில் மலையில் டவுன் ஏது, திருவிழாவுக்குத்தான் மொத்த சனமும் ஒரு இடத்தில் கூடும், அதுதான் தலைநகரம் என்றான். என் அப்பாவிடம் சொன்னேன். “பாய் ஊட்டுப் பையனுக்கு இருக்கற புத்தி உனக்கு இல்ல பாரு” என்றார்.

சண்டை வந்தது காப்பியில். மலைக்கு வருமானமே இல்லை. சாமை, தினை, கேழ்வரகு, பலா, தேன். இதை வைத்துப் படை வைக்க முடியாது. ஆரம்பத்திலேயே காப்பி கொடுத்துவிடலாம், கொஞ்சம் காசு வரும், ஆடுகிறவனுக்கும் ஒரு பிடிப்பு இருக்கும் என்றேன்.

“வெள்ளக்காரன் வராம இங்க காப்பித் தோட்டம் எப்பிடிடா வரும்?”

“ஆட்டம்தானடா.”

“ஆட்டம்னா? பொய் சொல்லலாமா?”

“டேய், காப்பிப்பொடி விக்கறவன் காப்பி வேண்டாங்கற ஒரே ஊரு இதுதான்டா.”

“விக்கறனாலதான் சொல்றேன். எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்.”

விடவே இல்லை. கும்பினி, அதாவது வெள்ளைக்காரன் கம்பெனி, மலையைப் பிடித்தால் மட்டும் காப்பி வரும்படி அவனே எழுதி வைத்தான். அப்போது திரையில் ஒரு செய்தி வரும், அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று மட்டும் காட்ட மாட்டேன் என்றான்.

“மலை உளுந்தாத்தான் அது வரும். நான் ஆடறப்ப உளுவாது. நீ பாக்கவே போறதில்ல.”

3

ஏற்காட்டில் கோடை மழை அடித்தால் மரம் விழும், கரண்ட் போகும். இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு யூபிஎஸ், அதுவும் கிழம். யாருடைய கம்ப்யூட்டர் அணைகிறதோ அவன் நாட்டை அவன் திரும்பி வரும்வரை ஆட்டமே தானாக ஆடும். நாங்கள் அதைக் கம்ப்யூட்டர் ஆடுவது என்போம். அது முட்டாள்தனமாக ஆடும். ஒரு முறை நசீரின் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்த நேரத்தில் அவன் மலை சும்மா கிடந்த சேலத்தின் மேல் போர் அறிவித்துவிட்டது. அவன் திரும்பி வந்து பார்த்தால் பாதிப் படை இல்லை. பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாமா என்று கேட்டேன். பாவமாக இருந்தது.

“வேண்டாம். நான் இல்லாதப்ப நடந்தது நடந்ததுதான்.”

அதுவே சட்டமாகிவிட்டது. ஆள் இல்லாதபோது கம்ப்யூட்டர் செய்ததை மாற்றக் கூடாது, எதிரில் இருப்பவன் கை கொடுக்கவும் கூடாது. எழுதி வைக்கவில்லை. எழுதாமலே இருபது வருடம் ஓடியது.

நான் இங்கே வந்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. ஞாயிறு எனக்குக் காலை, அவனுக்கு மதியம். ஆட்டம் என் கம்ப்யூட்டரில் ஓடும், அவன் அங்கிருந்து சேர்ந்துகொள்வான். நான் மைசூர், அவன் மலை. ஆட்டக் கடைசி வருடம்வரை மலையை யார் கையிலும் போகாமல் வைத்திருக்க வேண்டும், அதுதான் அவனுக்கு வெற்றி. ஒவ்வொரு ஆட்டத்திலும் எங்காவது தடுக்கி விழுந்தான். ஒவ்வொரு முறையும் என் கையில்தான் விழுந்தான், கும்பினி கையில் விழுந்ததில்லை. அதிலேயே அவனுக்கு ஒரு திமிர்.

வாராவாரம் ஹெட்போனில் இன்னொரு குரலும் கேட்கும். ஷமீம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “ஏனுங்க, மலை இருக்குதுங்களா?” என்பார். “இருக்குது இருக்குது, நீ போ” என்பான். அந்த அம்மாவுக்கு ஆட்டம் ஒரு எழுத்தும் தெரியாது. சோறு ஆயிற்றா என்பது போல அது ஒரு கேள்வி.

4

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருமையாக இல்லை.

இப்போது நாங்கள் செய்கிற ஆட்டத்தில் பஞ்சம் உண்டு. முதலில் அதை நடந்தபடியே வைத்துப் பார்த்தோம். தென்னிந்தியாவை எடுத்து ஆடியவர்கள் எல்லாம் பாதியில் எழுந்து போனார்கள். சனம் சாகிறது, ஆடுகிறவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை, பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது, இது விளையாட்டா என்று கேட்டார்கள். என் மேலாளர் ஹென்ரிக் நல்ல மனிதர், கெட்ட வார்த்தைகூட மெதுவாகச் சொல்லுவார். “இதை ஆடக்கூடியதாக ஆக்கு” என்றார். ஆக்கினேன். பஞ்சம் வந்தால் கொஞ்ச வருடம் வரி குறையும். அவ்வளவுதான். ஓரத்தில் ஒரு சின்னக் காய்ந்த கதிர் படம்.

நசீரிடம் சொன்னேன்.

“வரி கொறையுமா? ஏன்டா, உங்கூர்ல பஞ்சம் வந்து டீ குடிச்சிட்டுப் போயிருமா?”

“எவனும் ஆட மாட்டேங்கறான்டா.”

“ஆடாட்டிப் போறான். எதா இருந்தாலும் ஈசி பண்ணிக் குடுத்தறது. அது உன் தொழிலு இல்ல மாப்ள, உன் வியாதி.”

எனக்குக் கோபம் வந்து ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் கையில் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். நான் இல்லாத நேரத்தில் என் மைசூர் எவனுக்கோ கப்பம் கட்ட ஒத்துக்கொண்டிருந்தது. மாற்றவில்லை.

5

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி சமயத்தில் அவன் குரல் இளைத்தது. இருமவில்லை, காய்ச்சல் இல்லை, குரல் மட்டும் இளைத்தது. கேட்டேன்.

“வயித்துப் புண்ணுடா. காரம் ஆகாதுன்னுட்டாங்க. உப்புமாவ தின்னுட்டு உக்காந்திருக்கேன்.”

நம்பினேன். ஞாயிறு தவறாமல் வந்தான். சில வாரம் அரை மணி நேரம், சில வாரம் கால் மணி நேரம். நெட் சரியில்லை என்பான்.

வயிற்றுப் புண் இல்லை. சேலத்தில் டாக்டர் முன்பே சொல்லிவிட்டார், இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று. எனக்கு மட்டும் சொல்லக்கூடாது என்று வீட்டில் எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறான். ஏன் தெரியுமா? அந்த நேரம் என் குடியிருப்பு அனுமதி புதுப்பிப்பில் கிடந்தது. கம்பெனி வக்கீல் ஒரு தாளை விட்டுவிட்டார், எல்லாம் முதலிலிருந்து. முடிவு வரும்வரை இங்கே இருக்கலாம், வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்கள் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். எப்போது வரும் என்று கேட்டால் வரிசையில் இருக்கிறது என்று பதில். நான் செய்கிற ஆட்டத்தில் இப்படி ஒரு சட்டம் இருந்தால் முதல் வாரமே திட்டித் தீர்த்திருப்பார்கள், நானும் வெட்டியிருப்பேன்.

“அவனுக்குத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறான், வர முடியாத பய” என்று ஷமீமிடம் சொன்னானாம்.

இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு காப்பிச் செடிக்குக்கூட பொய் சொல்ல விடாதவன். பஞ்சத்தை நான் சுளுவாக்கியதற்கு வியாதி என்று பேர் வைத்தவன். எனக்கு வந்த பஞ்சத்தை வயிற்றுப் புண் ஆக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். சொல்லியிருந்தால் நான் கிளம்பியிருப்பேன். வேலை போனால் போகிறது என்று கிளம்பியிருப்பேன். அவனுக்கு அதுவும் தெரிந்திருக்கும்.

கடைசியாக ஆடிய ஞாயிறு மலைக்கு நல்ல நிலை. மேலே ஏறி வந்த படையைக் குளிர்க்காய்ச்சலில் கொன்று திருப்பி அனுப்பியிருந்தான். கிளம்பும்போது சொன்னான்:

“நான் இல்லாட்டி கம்ப்யூட்டர் ஆடட்டும். பாவப்பட்டுக் கைய வெச்ச, கொன்னுருவேன்.”

“ஏன், கரண்ட் போகுமா?”

“போகற மாதிரிதான்டா இருக்குது.”

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் உயிர் போயிற்று, அன்று மாலையே அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அனுமதி கையில் இருந்திருந்தாலும் மையத்து எடுப்பதற்குள், அதாவது உடலைக் கொண்டுபோவதற்குள், நான் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. அதைச் சொல்லித்தான் எல்லாரும் என்னைத் தேற்றினார்கள். எனக்கு மையத்துப் பார்க்க வேண்டாம். அதற்கு முந்தின மாதங்கள் வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து சண்டை போட வேண்டும்.

6

கம்பெனியில் துக்க விடுப்பு உண்டு. கம்ப்யூட்டரில் விண்ணப்பிக்க வேண்டும். இறந்தவர் யார் என்று ஒரு கேள்வி, கீழே அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவர். நண்பன் இல்லை. ஹென்ரிக் வந்து, உடன்பிறந்தவர் என்று போட்டுவிடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். முடியாது என்றேன். பொய் போட்டு வாங்கும் விடுப்பில் அவனுக்காக அழ எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு வேலை பார்த்தேன். எதையோ வெட்டினேன், எதை என்று நினைவில்லை.

இனியா பள்ளியிலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள். பதின்மூன்று வயது. டேனிஷில் கனவு காண்கிறவள். நசீர் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சத்தம். “கண்ணு, உங்கப்பன் தோக்கறான், வந்து பாரு சாமி” என்று ஹெட்போனில் கத்துகிறவன்.

“நசீர் மாமா முடிஞ்சுட்டாராப்பா?”

அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். திருத்த வாய் வரவில்லை. ஆமாம் என்றேன்.

அடுத்த ஞாயிறு ஆட்டத்தைத் திறந்தேன். நசீர் என்ற பெயர் இருந்த இடத்தில் பெயர் இல்லை. மலையைக் கம்ப்யூட்டர் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிய இன்னும் முப்பது வருடம் பாக்கி. ஓடவிட்டால் இரண்டு மூன்று ஞாயிற்றில் முடிந்துவிடும். நான் மிக மெதுவான வேகத்தில் வைத்து, ஒரு ஞாயிற்றுக்குச் சில மாதங்கள் மட்டும் ஓட்டினேன். மலையைத் தொடவில்லை. ஆட்டம் முடியும்வரை அது விழாமல் நின்றுவிட்டால் நசீர் ஜெயித்தவன். இருபது வருடத்தில் முதல் தடவையாக.

செல்வி ஒரு நாள் சொன்னாள், “ஏனுங்க, மூடி வெச்சுட்டா அது அப்படியே இருக்குமில்லீங்க?” இருக்கும். மூடி வைத்தது நிற்பதும் ஆடி நிற்பதும் ஒன்றா? நசீர் காறித் துப்புவான்.

7

போன மாதம் ஒரு ஞாயிறு. வெளியே மழை. இனியா பக்கத்தில் உட்கார்ந்து பிரெட் தின்றுகொண்டிருந்தாள். கும்பினி சேலத்தைப் பிடித்து மலையடிவாரத்துக்கு வந்துவிட்டது. திரையில் ஒரு செய்தி. சேர்வராயன் மலை மைசூரிடம் அடைக்கலம் கேட்கிறது. ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா?

எனக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. இதே வேலையைத்தான் சோற்றுக்குச் செய்கிறேன். பக்கத்தில் பெரிய எதிரி வந்தால் பயம் ஏறும், ஒரு அளவு தாண்டினால் சின்ன நாடு பெரிய நாட்டின் காலில் விழும். நசீர் கேட்கவில்லை, கணக்குத்தான் கேட்கிறது. தெரிந்தும் அந்தச் செய்தியில் மலையின் பெயரை இரண்டு தடவை படித்தேன். உயிரோடு இருந்தவரை ஒரு உதவி கேட்கவில்லை அவன்.

“ஆமான்னு அழுத்துங்கப்பா” என்றாள் இனியா. “மாமா மலை நம்மகிட்ட பத்திரமா இருக்கும்ல?”

“பத்திரமா இருந்தா அது மாமா மலை இல்ல கண்ணு. கை கொடுக்கக் கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒரு சட்டம்.”

“மோசமான ரூல்பா அது.”

“ஆமா.”

மறுக்கிறேன் என்று அழுத்தினேன்.

கும்பினிப் படை ஏறியது. காய்ச்சலில் பாதி செத்தது. மறுபடி ஏறியது. மலையில் நின்றவர்கள் கொஞ்சம் பேர். வாழவந்தி போயிற்று, கிளியூர் போயிற்று. சேர்வராயன் கோயில் வீழ்ந்தது என்று ஒரு மணி அடித்தது. நசீர் மலைக்குக் கொடுத்திருந்த பச்சை நிறம் ஒரு நொடியில் சிவப்பாகியது. பழைய இடத்திலிருந்து தொடங்க ஒரே ஒரு அழுத்து போதும். கை அங்கே போனது. திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் நான் பார்க்கவே போவதில்லை என்று அவன் சொன்ன செய்தி வந்தது. இருபது வயதில் எழுதியது.

“என்னப்பா எழுதியிருக்கு?” என்றாள் இனியா. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அடுத்த வருடம் அடுத்த வருடம் என்று போய்விட்டது.

படித்துக் காட்டினேன். “மலை போச்சு. காப்பி வந்துருச்சு. குடிங்கடா.”

“ஜோக்கா?”

“ஜோக்குதான்.”

அவள் சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிரெட்டைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

8

ஞாயிறு ஷமீம் போன் செய்தார். பாத்திஹா நன்றாக நடந்ததாம், நிறையப் பேர் வந்தார்களாம், என் அப்பாவும் வந்து சாப்பிட்டாராம். கடையை நசீரின் தம்பி பார்த்துக்கொள்கிறாராம். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கடைசியில் கேட்டார்.

“அண்ணா, அவங்க மலை இருக்குதுங்களா?”

இருக்குது என்று நாக்கு நுனியில் வந்துவிட்டது. அந்தப் பெண் ஆட்டத்தைப் பார்க்கப் போவதில்லை. யாருக்கும் நஷ்டம் இல்லை. ஒரு சொல், அவர் நிம்மதியாகப் போனை வைப்பார். எனக்கு ஒருத்தன் செய்ததைத்தான் நானும் செய்யப் போகிறேன். அதை நினைத்ததும் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

“இல்லம்மா. போன மாசம் உளுந்துருச்சு. கும்பினிக்காரன் புடிச்சுட்டான். எங்கிட்ட அடைக்கலம் கேட்டுச்சு. நான் குடுக்கல.”

அந்தப் பக்கம் கீழே ரோட்டில் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. திட்டுவார், அழுவார், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

“சொல்லிட்டீங்களேண்ணா” என்றார்.

“எதை?”

“நெசத்த. அவங்க நொம்ப முடியாம கெடந்தப்ப எங்கிட்ட சொன்னாங்க. ‘நான் போனதுக்கப்புறம் மலை எப்பிடியும் உளுந்துரும். பழனிகிட்ட கேட்டுப் பாரு, இருக்குதும்பான். அவனுக்கு எதையும் ஈசி பண்ணித்தான் குடுக்கத் தெரியும். நம்பிறாத’ன்னாங்க. அதான் கேட்டனுங்க.” மூக்கை உறிஞ்சினார். “நீங்க இருக்குதும்பீங்கன்னுதானுங்க நானும் நெனச்சேன். சரிங்கண்ணா, உடம்பப் பாத்துக்கோங்க.”

போன் வைத்த பிறகு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஆட்டம் நின்ற இடத்தில் நின்றது. சிவப்பு மலை, அதன்மேல் ஒரு சின்னக் காப்பிக்கொட்டைப் படம். என்னைப் பற்றி நசீர் சொன்ன ஒரு விஷயம் இருபது வருடத்தில் முதல் தடவையாகத் தப்பாகியிருக்கிறது. இதற்காகவே எத்தனை ஞாயிறு காத்திருந்தேன். டேய், தோத்துட்டடா என்று கத்த வேண்டும். வீடு அதிரக் கத்த வேண்டும்.

ஹெட்போனை மாட்டினேன். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.